நல்ல படம்தான், ஆனால் யாருடைய படம்?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேவுக்கு எழுதிய கடிதம் ஒன்று சினிமாக்காரர்கள் மத்தியில் பிரபலம். உங்கள் படத்தைப் பார்த்தேன், மிக நல்ல படம், ஆனால் அது என்னுடைய படம், அதனால் எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்பதுதான் சாரம். 1961-ல் குரோசாவா எடுத்த ‘யோஜிம்போ’ என்ற சாமுராய் படத்தை லியோனே யாரிடமும் கேட்காமல் 1964-ல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ ஆக்கியிருந்தார். வழக்கு, சமரசம், பணம் எல்லாம் அப்புறம் நடந்தவை. என்னை விடாமல் அரித்துக்கொண்டிருப்பது கடிதத்தின் முதல் பாதிதான். பொருளைப் பறிகொடுத்தவர் எடுத்துப்போனவரிடம் “நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள்” என்று சொல்வாரா? மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்று தள்ளிவிடலாம். படத்தைப் பார்த்தபின் அப்படித் தள்ள முடியவில்லை. அது நிஜமாகவே நல்ல படம்.

இந்த விவகாரத்தை மறுபடி கிளப்பிவிட்டவன் என் அண்ணன் மகன். கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்கிறான். ஒரு ஷாட் எங்கே தொடங்கி எங்கே வெட்டுப்படுகிறது என்பதை என்னைவிட வேகமாகப் பிடித்துவிடுவான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது படம் பாதி தாண்டவில்லை, “சித்தப்பா, இது இன்ஸ்பிரேஷன் எல்லாம் இல்ல, அப்படியே சுட்டது. இதைப் போய் கிளாசிக்னு சொல்றீங்க. நம்ம ஆளு ஒருத்தர் பண்ணியிருந்தா கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பீங்க” என்றான். கடைசி வரி சுருக்கென்று தைத்தது. ஒரு தமிழ்ப் படத்தின் டிரெய்லரில் கொரியப் படத்தின் சாயல் தெரிந்தால் படம் வரும் முன்பே தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். இத்தாலிக்காரர் செய்தால் மட்டும் அது உலக சினிமா வரலாறு ஆகிவிடுகிறது. இந்த ஓரவஞ்சனைக்கு ஏதாவது நியாயம் இருக்கிறதா, அல்லது வெறும் பழக்கமா என்று யோசிக்க ஆரம்பித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

அதே ஊர், அதே சவப்பெட்டி

அவன் சொன்னதை மறுக்க இடமே இல்லை. ஊரை இரண்டு கும்பல்கள் பிடித்து வைத்திருக்கின்றன. பெயர் தெரியாத ஒருவன் வந்து இரண்டு பக்கமும் காசு வாங்கி, இரண்டையும் மோதவிட்டு ஒழிக்கிறான். இது மட்டும்தான் பொது என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். லியோனே அதோடு நிற்கவில்லை. “இங்கே இருக்காதே, போய்விடு” என்று திட்டிக்கொண்டே சோறு போடும் கடைக்காரக் கிழவர் இரண்டு படங்களிலும் உண்டு. யார் செத்தாலும் வியாபாரம் ஆகிறவரான சவப்பெட்டிக்காரரும் உண்டு. வல்லவன் ஒருவன் தூக்கி வைத்துக்கொண்ட பெண், பக்கத்திலேயே தவிக்கும் அவள் புருஷன், அம்மாவுக்காக அழும் பிள்ளை. நாயகன் காவலுக்கு நிற்பவர்களைக் கொன்று அந்தக் குடும்பத்தைத் தப்பவிடுகிறான். அது தெரிந்துபோய் முகம் வீங்க அடி வாங்குகிறான். ஊர்ந்து தப்பிக்கிறான். சவப்பெட்டிக்குள் படுத்து ஊரைவிட்டுப் போகும் வழியில் மூடியைத் தூக்கி, ஒரு கும்பல் இன்னொன்றைத் தீவைத்து வெளியே இழுத்துக் கொல்வதைப் பார்க்கிறான். வரிசைகூட மாறவில்லை. முதல் படத்தைப் பார்த்தவரால் அடுத்த காட்சி என்ன என்று முன்கூட்டியே சொல்ல முடியும். அண்ணன் மகன் சொல்லிக்கொண்டே இருந்தான், எனக்கு எரிச்சல் வரும் அளவுக்கு.

ஆனால் அதே காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. சவப்பெட்டிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். குரோசாவாவின் சாமுராய், தன் வேலைக்கு என்ன விலை என்று ஒரு கும்பலுக்குக் காட்டுவதற்காக எதிர்க் கும்பலின் அடியாட்களைச் சீண்டுகிறான். வாள் உறையிலிருந்து வெளியே வந்ததும் திரும்ப உள்ளே போனதும் கண்ணில் பதிவதற்குள் முடிந்துவிடுகிறது. இருவர் சாய்கிறார்கள், ஒருவனுக்குக் கை போய்விடுகிறது. திரும்பி நடந்து வரும்போது சவப்பெட்டிக்காரரிடம் இரண்டு பெட்டி என்கிறான். ஒரு கணம் யோசித்து, மூன்றாகவும் இருக்கலாம் என்கிறான். கை போனவன் பிழைப்பானா என்பது அவனுக்கே தெரியாது. அந்த அலட்சியத்தில்தான் சிரிப்பு.

லியோனே இதைத் தலைகீழாக்குகிறார். கிளின்ட் ஈஸ்ட்வுட் சண்டைக்குப் போகும் வழியிலேயே மூன்று பெட்டி தயார் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார். அப்புறம் வேலியோரம் நிற்கும் அடியாட்களிடம் தன் கோவேறு கழுதையின் மனம் புண்பட்டுவிட்டதாக நிதானமாகப் பேசுகிறார். முகங்கள், கண்கள், மெல்ல மறையும் சிரிப்பு. நேரம் இழுபடுகிறது. சுட்டு முடித்துத் திரும்பும்போது, தப்பு என்னுடையது, நான்கு பெட்டி என்கிறார். குரோசாவாவின் நகைச்சுவை நடந்து முடிந்ததில் இருந்தது, இங்கே நடக்கப்போவதில் இருக்கிறது. முதல் வசனத்தைக் கேட்ட நொடியிலிருந்து நாம் தலைகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம், எதிரே நிற்பது நான்கு பேர் ஆயிற்றே என்று. வசனத்தைச் சுட்டது நிச்சயம். அதை எங்கே வைத்தால் வேறு வேலை செய்யும் என்பதை அவரேதான் கண்டுபிடித்திருக்கிறார்.

விட்டதையும் பார்க்க வேண்டும். ‘யோஜிம்போ’வின் தொடக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பையன், கஞ்சி குடித்துக்கொண்டு நெடுங்காலம் வாழ்வதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று அப்பனிடம் கத்திவிட்டு ரவுடிக் கும்பலில் சேர ஓடுகிறான். கடைசியில் எல்லோரும் செத்துக் கிடக்கும் தெருவில் அவன் மட்டும் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது சாமுராய் அவனை விட்டுவிடுகிறான்: வீட்டுக்குப் போ, கஞ்சி குடித்து நெடுங்காலம் இருப்பதே மேல். குரோசாவாவுக்கு இது 1860-ன் கதை. ஷோகன் எனும் ராணுவத் தலைவர்களின் ஆட்சி சாயும் காலம், எஜமான் இல்லாத சாமுராய்கள், பட்டு வியாபாரியும் சாராய வியாபாரியும் ரவுடிகளை வைத்து ஊரை நடத்துவது, நின்றுபோன பட்டுச் சந்தை. கேலிக்கு அடியில் ஒரு சமூகம் அழுகுவதைப் பற்றிய கோபம் ஓடுகிறது. லியோனே இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார். அவருடைய சான் மிகேல் ஊரில் சந்தையும் இல்லை, வயலும் இல்லை, கஞ்சிக்குத் திரும்பும் பையனும் இல்லை. அங்கே விதவைகளும் பிணங்களும்தான். குரோசாவாவின் ரசிகனாக எனக்கு இது இழப்பு. கதையைத் தூக்கியவர் அந்தக் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று அந்த இடத்தில் அண்ணன் மகன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

கிளைமாக்ஸ் வந்ததும் மறுபடி தடுமாற்றம். ‘யோஜிம்போ’வின் வில்லன் உனோசுகேவிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. ஊரில் அதற்கு ஈடான ஆயுதம் வேறு யாரிடமும் இல்லை. வாளின் காலம் முடிந்தது என்பதை அந்த ஒரு பொருளை வைத்தே சொல்லிவிடுகிறார் குரோசாவா. சாமுராய் சும்மா பொழுதுபோக்குக்குப் பறக்கும் இலையைக் கத்தி வீசிக் குத்திப் பழகுவதை முன்பே பார்த்திருக்கிறோம். கடைசியில் அதே போல் துப்பாக்கி பிடித்த கையில் கத்தி பாய்கிறது. எல்லாம் சில நொடிகள். லியோனேவின் படத்தில் இரண்டு பக்கமும் துப்பாக்கி என்பதால் இந்தப் பழசு–புதுசு மோதலுக்கு இடமே கிடையாது. அவர் என்ன செய்தார்? வில்லனுக்கு நீளத் துப்பாக்கி, நாயகனுக்குக் கைத்துப்பாக்கி. கைத்துப்பாக்கிக்காரன் செத்தான் என்று வில்லன் முன்பே பழமொழி சொல்லிவைக்கிறான். பழைய இரும்புக் கவசம் ஒன்றின் நெஞ்சில் சரமாரியாகச் சுட்டுப் பழகுகிறான். அப்புறம் அந்தக் கடைசித் தெரு. புகைக்கு நடுவில் ஈஸ்ட்வுட் வந்து நிற்கிறார். குண்டு பாய்கிறது, விழுகிறார், எழுகிறார். நெஞ்சைப் பார்த்துச் சுடு என்கிறார். மறுபடி விழுகிறார், மறுபடி எழுந்து நடக்கிறார். போர்வையை விலக்கினால் உள்ளே இரும்புத் தகடு. இசையமைப்பாளர் எனியோ மோரிகோனியின் எக்காளம் பின்னால் ஓலமிடுகிறது. இந்த நான்கைந்து நிமிடங்களில் குரோசாவாவின் சாயல் துளிகூட இல்லை. செத்து எழுந்து வருகிறவனைப் பார்த்து வில்லனுக்கு முகத்தில் பரவும் அந்தப் பயம், கோயில் திருவிழாக் கூத்துக்கு உரியது. ஜப்பானிய நையாண்டியின் மேல் கத்தோலிக்க ஊர்க்காரர் ஒருவர் உயிர்த்தெழும் காட்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். இதற்குப் பிறகு அவர் எடுத்த படங்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன, ‘யோஜிம்போ’விலிருந்து இல்லை.

அண்ணன் மகனும் இந்தக் காட்சி ஓடும்போது மட்டும் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் “சரி, இது அவரோடது. மீதியெல்லாம்?” என்றான்.

பெயர் போடுவது

மீதிக்குத்தான் வழக்கு. இங்கே லியோனே மீது எனக்குக் கோபமே உண்டு. அந்தப் படத்தின் டைட்டிலில் குரோசாவா பெயர் இல்லை, சரி. லியோனே பெயரே இல்லை. இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படம் என்று தெரிந்தால் கூட்டம் வராது என்று எல்லோருக்கும் அமெரிக்கப் பெயர் வைத்திருந்தார்கள். மோரிகோனி ‘டான் சாவியோ’ ஆனார். லியோனே ‘பாப் ராபர்ட்சன்’ ஆனார். அவருடைய அப்பாவும் மௌனப்பட காலத்து இயக்குநர். ரொபெர்தோ ரொபெர்தி என்ற பெயரில் படம் எடுத்தவர். ராபர்ட்டின் மகன், ராபர்ட்சன். தன் பெயரை மறைத்த இடத்திலும் அப்பாவுக்கு ஒரு வணக்கம் வைக்கத் தெரிந்திருக்கிறது. குரோசாவாவுக்கு ஒரு வரி போட எது தடுத்தது? தயாரிப்பாளர்களிடம் காசு இல்லை, உரிமை வாங்கும் வேலை பாதியில் நின்றது என்றெல்லாம் காரணங்கள் சொல்வார்கள். மாட்டிக்கொண்ட பிறகு லியோனே தரப்பு என்ன சொன்னது தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டு வெனிஸ் நாடகாசிரியர் கோல்டோனி, இரண்டு எஜமானர்களிடம் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் வேலைக்காரனைப் பற்றி எழுதியிருக்கிறார், மூலம் எங்கள் இத்தாலியில்தான் இருக்கிறது என்றார்கள். கோல்டோனியின் நாடகத்தில் சவப்பெட்டிக்காரர் எங்கே இருக்கிறார்?

கடைசியில் சமரசம். உலக வசூலில் 15 சதவீதம், ஜப்பான், தைவான், தென்கொரியாவில் விநியோக உரிமை என்று ஜப்பானியர்களுக்குப் போனது. அமெரிக்காவில் படம் 1967-ல்தான் வெளியானது. இந்தத் தகராறும் அதற்கு ஒரு காரணம். ‘யோஜிம்போ’வில் கிடைத்ததைவிட இதில்தான் குரோசாவாவுக்கு அதிகம் கிடைத்தது என்று சொல்வார்கள். நியாயமான முடிவு என்றுதான் நினைக்கிறேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, படமும் இருக்கிறது.

மூலத்தைச் சொல்லிவிட்டால் தன் பெருமை குறைந்துவிடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கம்பர் அவையடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: இந்தக் கதையை வடமொழியில் செய்தவர்கள் மூவர், அவர்களில் முந்தியவர் சொன்னபடி நான் செய்கிறேன் என்று. பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை என்று தன்னையே கேலியும் செய்துகொள்கிறார். அப்புறம் உள்ளே போய் இஷ்டப்படி மாற்றுகிறார். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பரில் தொடாமல், இருந்த குடிலோடும் நிலத்தோடும் பெயர்த்து எடுத்துப் போகிறான். கதையின் மிக முக்கியமான ஒரு கணத்தையே மாற்றியவர், யாரிடமிருந்து வாங்கினேன் என்பதைச் சொல்லக் கூசவில்லை. டைட்டிலில் ஒரு வரி போடுவதும் ஒருவகை அவையடக்கம்தான்.

குரோசாவா வாங்கியது

“அப்போ குரோசாவா யார்கிட்டயும் எடுக்கலையா?” என்று அடுத்த நாள் அவனே தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டான். எடுத்தார். அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹாமெட் எழுதி 1929-ல் வந்த ‘ரெட் ஹார்வெஸ்ட்’ நாவலில், பெயரைக் கடைசிவரை சொல்லாத ஒரு துப்பறிவாளர் ரவுடிகள் ஆளும் சுரங்க ஊருக்கு வருகிறார். கும்பல்களை ஒன்றோடொன்று மூட்டிவிட்டு ஊரைச் சுத்தம் செய்கிறார், கை நிறைய ரத்தத்தோடு. ஹாமெட்டின் இன்னொரு நாவலிலிருந்து 1942-ல் வந்த ‘தி கிளாஸ் கீ’ படத்தில் நாயகனை அடைத்துவைத்து அடிக்கும் காட்சியும் தப்பிக்கும் காட்சியும் உண்டு. ‘யோஜிம்போ’வின் அந்தக் காட்சிகள் எங்கிருந்து வந்தவை என்பது அதைப் பார்த்தால் உடனே தெரியும். குரோசாவாவும் அந்தப் படத்தைத் தன் மூலமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் டைட்டிலில் ஹாமெட் இல்லை. 1961 ஜனவரியில் ஹாமெட் இறந்தார், ஏப்ரலில் ‘யோஜிம்போ’ வெளியானது. கடிதம் எழுத அவர் இல்லை.

அதனால் குரோசாவாவும் லியோனேவும் ஒன்று என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஹாமெட்டின் ஊரில் கும்பல்கள் இரண்டல்ல, பல. யார் யாருக்குக் கூட்டு என்பதே அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். அதை இரண்டாகக் குறைத்து, ஒரே தெருவின் இரு முனைகளில் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் காற்றும் தூசியுமாக வெற்றிடத்தை விட்டு, நாயகனைக் காவல் கோபுரத்தின் மேல் ஏற்றி உட்கார வைத்தது குரோசாவா. கீழே இரு கூட்டமும் முன்னே வருவதும் பின்னே போவதுமாகப் பயந்து நடுங்க, மேலே இருப்பவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். இது நாவலில் கிடையாது. அந்தத் தெருவை அவர் அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் கௌபாய் படங்களைப் பார்த்து வளர்த்துக்கொண்டார் என்பது வேறு கதை. சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. கருவுக்கு உரிமையாளர் கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. லியோனே எடுத்தது சொன்ன விதத்தை.

நம் ஊரிலேயே குரோசாவாவிடம் வாங்கிய நல்ல உதாரணம் உண்டு. 1954-ல் வந்த ‘அந்த நாள்’. ஒரு கொலை, ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லும் சாட்சியங்கள் என்ற அமைப்பை எஸ். பாலசந்தர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ பார்த்த உந்துதலில் எடுத்தார். ஆனால் ‘ரஷோமோன்’ உண்மை என்று ஒன்று கிடைக்குமா என்று சந்தேகப்பட்டு முடிகிறது. ‘அந்த நாள்’ உண்மையைக் கண்டுபிடித்து, அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்து அதிர வைக்கிறது. போர்க்காலச் சென்னை, நாட்டைக் காட்டிக்கொடுக்கும் நாயகன், பாட்டே இல்லாத படம். வாங்கியதற்கு அதைவிட நல்ல பதில் மரியாதை என்ன வேண்டும்?

இந்த வரிசையில் மூன்றாவதாக ஒரு படம் இல்லாமல் இருந்திருந்தால் நான் இத்தோடு நிறுத்தியிருப்பேன். 1996-ல் வால்டர் ஹில் ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’ எடுத்தார். புரூஸ் வில்லிஸ், மதுவிலக்குக் காலத்து டெக்சாஸ், இத்தாலியக் கும்பல் ஒன்று, ஐரிஷ் கும்பல் ஒன்று. எல்லாம் முறையாக. கதை ரியூசோ கிகுஷிமா (‘யோஜிம்போ’வைக் குரோசாவாவோடு சேர்ந்து எழுதியவர்), அகிரா குரோசாவா என்று டைட்டிலில் போட்டிருக்கிறார்கள். ஒளிவு மறைவு இல்லை. படமோ கட்டை. எல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கிறது, எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், வில்லிஸ் தூங்கி எழுந்த குரலில் கதை சொல்கிறார். வசூலிலும் தோற்றது. அனுமதி வாங்கிய படத்தில் எடுத்தவர் இல்லை, திருடிய படத்தில் எடுத்தவர் காட்சிக்குக் காட்சி இருக்கிறார்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நாம் ‘மரியாதையா, காப்பியா’ என்று ஒரே மூச்சில் கேட்பதில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று கடன் கணக்கு: யாரிடம் வாங்கினாய், சொன்னாயா, கொடுத்தாயா. இது நேர்மை சம்பந்தப்பட்டது, ரசனைக்கு இதில் வேலையில்லை. லியோனே இதில் தேறவில்லை, ஹில் முழு மதிப்பெண். மற்றது, திரையில் என்ன நடந்தது என்பது. அங்கே நேர்மை உதவிக்கு வராது. மரியாதை செலுத்துவது என்ற பொருளில் வரும் ‘ட்ரிப்யூட்’ என்ற சொல் நம் பேட்டிகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. காட்சி நன்றாக வந்திருந்தால் கடனைக் கேட்காதே என்கிறார்கள். கடனைச் சொல்லிவிட்டால் காட்சி எப்படி இருந்தாலும் கைதட்டு என்கிறார்கள். படம் வெளியாகும் முன் டைட்டிலில் சொன்னால் அதை மரியாதை என்று ஏற்றுக்கொள்ளத் தயார். யாரோ இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு சொன்னால், அது வக்கீலுக்கு ஆகும் வார்த்தை. பர்மா பஜாரில் உலக சினிமா டிவிடி வாங்கியவர்களுக்கு மட்டும் மூலம் தெரிந்த காலம் போய்விட்டது. இப்போது மூலப்படம் சப்டைட்டிலோடு அதே கைப்பேசியில் இருக்கிறது. ஒளிப்பதில் லாபமும் இல்லை.

அண்ணன் மகனுக்கு இந்தப் பிரிப்பில் சம்மதம் இல்லை. சுட்டது சுட்டதுதான், நன்றாகச் சுட்டிருக்கிறார் என்பதற்காகத் தனிக் கணக்கு எழுதக் கூடாது என்கிறான். அவன் எடிட் செய்த வீடியோ ஒன்றின் கட்டிங்கை இன்னொரு ஸ்டுடியோக்காரர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்த வலியில் பேசுகிறான். அவர்கள் உன்னைவிட நன்றாகச் செய்திருந்தார்களா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பாவம், ஹாமெட். ‘ரெட் ஹார்வெஸ்ட்’டை ஆதாரமாக வைத்ததாகச் சொல்லப்படும் ‘ரோட்ஹவுஸ் நைட்ஸ்’ என்ற படம் 1930-ல் வந்தது. அதில் நாவலிலிருந்து கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. இத்தாலிய இயக்குநர் பெர்னார்டோ பெர்டோலுச்சி அந்த நாவலைப் படமாக்க ஆசைப்பட்டு நெடுங்காலம் முயன்றார், நடக்கவில்லை. அந்தக் கரு ஜப்பானுக்குப் போய், ஸ்பெயினின் பொட்டல் காடுகளில் இத்தாலியம் பேசி, கடைசியில் ஹாமெட்டின் சொந்தக் காலத்துக்கே, மதுவிலக்கு அமெரிக்காவுக்கே திரும்பி வந்தபோது, டைட்டிலில் இரண்டு ஜப்பானியர்களின் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. இனி யாராவது துணிந்து, முறைப்படி உரிமை வாங்கி, நாவலை உள்ளது உள்ளபடி எடுத்தாலும், முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ‘யோஜிம்போ’வைச் சுட்டுவிட்டார்கள் என்பார்கள்.